பூட்டிய டிஸ்க்குக்குள் மாட்டிக்கொண்ட 2004

"டிஸ்க் போயிடுச்சு சார். வேற போட்டுக்கலாம்" என்று கடைக்காரர் சொன்னபோது நானும் நம்பிவிட்டேன். அவர் கம்ப்யூட்டரில் அந்த ஹார்ட் டிஸ்க்கின் பெயர் வருகிறது, வரிசை எண் வருகிறது, ஆனால் ஒரு பைட்டைக்கூடப் படிக்க முடியவில்லை. திரை முழுக்கப் பிழைச்செய்தி. ஃபார்மேட் செய்து பார்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று வாங்கி வந்ததுதான் இந்த விஷயத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

கதை மைக்ரோசாஃப்ட்டின் வீடியோ கேம் பெட்டியான எக்ஸ்பாக்ஸின் முதல் தலைமுறையைப் பற்றியது. 2001-இல் அமெரிக்காவில் வந்தது. இந்தியாவுக்கு மைக்ரோசாஃப்ட் முறையாகக் கொண்டுவந்தது 2006-இல், அதுவும் அடுத்த தலைமுறையான எக்ஸ்பாக்ஸ் 360-ஐத்தான். எங்கள் வீட்டுப் பெட்டி 2004-இல் மாமா நியூ ஜெர்சியில் இருந்து சூட்கேஸில் துணிக்கு நடுவே வைத்து எடுத்து வந்தது. அமெரிக்க மின்சாரத்துக்கான பெட்டி என்பதால் கூடவே ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர். செங்கல் கனம், எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும். நேராக நம் ஊர் 230 வோல்ட்டில் செருகியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

அந்தப் பெட்டியில் ஒரு வசதி உண்டு. ஆடியோ சிடியைப் போட்டால் பாட்டுகளை உள்ளே இருக்கும் டிஸ்க்கில் ஏற்றிக்கொள்ளும், சில விளையாட்டுகளில் அதையே பின்னணி இசையாக ஓடவிடலாம். 2004 கோடை விடுமுறையில் நானும் அத்தை மகனும் எங்கள் தெரு கிரிக்கெட்டுக்குத் தமிழில் கமெண்டரி பேசி, கம்ப்யூட்டர் மைக்கில் பதிவு செய்தோம். அதை எம்பி3 சிடியாகப் போட்டால் பெட்டி ஏற்கவில்லை. ஆடியோ சிடியாக எழுதிப் போட்டதும் ஏற்றுக்கொண்டது. அந்த விடுமுறை முழுவதும் கார் பந்தய விளையாட்டில் நாங்கள் வளைவில் திரும்பும்போதெல்லாம், பின்னணியில் அவன் குரல், "பந்து நாலாவது வீட்டு மொட்டை மாடிக்குப் போகிறது, எடுத்து வர ஆள் இல்லை" என்று கத்திக்கொண்டிருக்கும். சிடி எப்போதோ தொலைந்தது. கம்ப்யூட்டரும் காயலான் கடைக்குப் போனது. மிச்சம் இருந்த ஒரே பிரதி பரணில் கிடந்த அந்தக் கறுப்புப் பெட்டிக்குள். ஏற்றிக்கொள்ளத் தெரிந்த பெட்டிக்கு வெளியே தரத் தெரியாது, அப்படி ஒரு மெனுவே அதில் கிடையாது.

2023 பொங்கல் விடுமுறையில் பரணைச் சுத்தம் செய்தபோது பெட்டி கையில் வந்தது. அவசரப்பட்டு டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே நடந்ததைத்தான் முதலில் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு இரவு உட்கார்ந்து படித்த பிறகுதான் புரிந்தது, டிஸ்க் செத்துப்போகவில்லை, பூட்டியிருக்கிறது. ஐடிஇ என்ற பழைய அகலக் கேபிள் வகை டிஸ்க்குகளிலேயே கடவுச்சொல் போட்டுப் பூட்டும் ஏற்பாடு உண்டு. பூட்டியிருந்தால் கேட்பவருக்குத் தன் பெயரைச் சொல்லும், வரிசை எண்ணைச் சொல்லும், அதற்கு மேல் வாயைத் திறக்காது. உள்ளே தகவல் எதுவும் மறைகுறியாக்கப்படவில்லை, அது பாட்டுக்குச் சும்மாதான் கிடக்கிறது. வாசலில் மட்டும்தான் காவல். ஐந்து முறை தப்பான கடவுச்சொல் கொடுத்தால், மின்சாரத்தை நிறுத்திப் போடும்வரை ஆறாவது முறை கேட்கவே கேட்காது.

சரி, கடவுச்சொல் எங்கே? பெட்டியின் மதர்போர்டில் ஈப்ராம் என்று ஒரு குட்டிச் சில்லு. மொத்தக் கொள்ளளவு 256 பைட். அதில் 16 பைட்டுக்கு ஒரு சாவி, அதுவும் மறைகுறியாக்கப்பட்ட நிலையில். பெட்டியை ஆன் செய்தால் அந்தச் சாவியோடு டிஸ்க்கின் மாடல் பெயரையும் வரிசை எண்ணையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டு, வரும் விடையைக் கடவுச்சொல்லாக டிஸ்க்கிடம் கொடுக்கிறது. அதனால் ஒரு பெட்டியின் டிஸ்க் இன்னொரு பெட்டியில் திறக்காது. கடைக்காரர் சொன்னபடி வேறு டிஸ்க் வாங்கிப் போட்டிருந்தாலும் வேலை செய்திருக்காது. பூட்டு இல்லாத டிஸ்க்கைப் பார்த்தால் இந்தப் பெட்டிக்கு அதுவே ஒரு பிழை, 5 என்று எண் காட்டி நின்றுவிடும்.

ஆக, டிஸ்க்கைத் திறக்கத் தெரிந்த ஒரே ஆள், அதை எங்கிருந்து கழற்றினேனோ அந்தப் பெட்டி.

திரும்ப மாட்டி ஆன் செய்தேன். பச்சை விளக்குக்குப் பதில் சிவப்பும் பச்சையும் மாறி மாறி மினுக்கின. சேவைக்குக் கொண்டுபோகச் சொல்லும் அந்தப் பன்மொழித் திரை வந்தது. இந்தத் திரையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இடது மேல் மூலையில் இருக்கும் சின்ன எண்ணைக் கவனிப்பதில்லை. எல்லாமே அந்த எண்ணில்தான் இருக்கிறது. 5 முதல் 8 வரை வந்தால் டிஸ்க் பிரச்சினை. 6 வந்திருந்தால் சாவி பொருந்தவில்லை என்று அர்த்தம், நான் தலையில் கை வைத்திருப்பேன். எனக்கு வந்தது 7. டிஸ்க்கிடம் இருந்து நேரத்துக்குப் பதில் வரவில்லை, அவ்வளவுதான். டிஸ்க்கின் பின்னால் பார்த்தால், கடையில் சோதித்தபோது, பின்களில் செருகும் சின்ன மூடியான ஜம்பரை இடம் மாற்றிவிட்டிருந்தார்கள். கழற்றுவதற்கு முன் நான் போனில் எடுத்த படத்தைப் பார்த்துப் பழைய இடத்தில் செருகினேன். கேபிளையும் அழுத்தி மாட்டினேன். பெட்டியின் முதன்மைத் திரையான டேஷ்போர்டு வந்தது. இசைப் பட்டியலுக்குப் போனால், ஆங்கில எழுத்தில் 'கமெண்டரி' என்று நாங்கள் வைத்த பெயர் அப்படியே இருந்தது. ஓடவும் ஓடியது. டிவி ஸ்பீக்கருக்கு முன்னால் போனை நீட்டிப் பதிவு செய்துகொள்ளலாமே என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் எனக்கு வெறி ஏறிவிட்டது.

வழக்கமான வழி, பாதுகாப்பு ஓட்டை உள்ள சில பழைய விளையாட்டுகளின் சேமிப்புக் கோப்பை வைத்துப் பெட்டியின் பாதுகாப்பைத் தாண்டி, நெட்வொர்க் கேபிள் வழியாகக் கோப்புகளை எடுப்பது. அதற்கு விளையாட்டு டிவிடியைப் படிக்க வேண்டும். என் பெட்டியின் டிவிடி டிரைவில் தட்டை இழுக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்துபோய், தட்டு பாதி வந்து நிற்கும். பெல்ட்டை வெந்நீரில் போட்டு எடுத்தால் கொஞ்சம் இறுகும் என்றார்கள், இறுகியது. ஆனால் லென்ஸுக்கே பார்வை மங்கிவிட்டது, எந்த டிவிடியையும் அடையாளம் காணவில்லை. மிச்சம் இருந்தது ஹாட் ஸ்வாப்.

யோசனை எளிது. பெட்டி ஆன் ஆகும்போது டிஸ்க்கைத் திறந்துவிடுகிறது. மின்சாரம் போகும்வரை டிஸ்க் திறந்தே இருக்கும். அப்படியானால் மின்சாரத்தைத் தொடாமல் தகவல் கேபிளை மட்டும் உருவி, கம்ப்யூட்டரின் கேபிளைச் செருகிவிட்டால் போதும்.

எளிது என்று சொல்லிவிட்டேன், முதல் முயற்சியிலேயே சொதப்பினேன். யுஎஸ்பி மாற்றி ஒன்று வாங்கினேன், அதோடு தனி மின் அடாப்டரும் வந்தது. பழக்கதோஷத்தில் தகவல் கேபிளோடு மின் கேபிளையும் மாற்றிவிட்டேன். டிஸ்க் ஒரு நொடி நின்று மறுபடி சுழன்றது, மறுபடி பூட்டிக்கொண்டது. இரண்டாவது முறை மின்சாரத்தைப் பெட்டியிடமே விட்டேன். ஆனால் அந்த யுஎஸ்பி மாற்றிக்கு டிஸ்க் கண்ணில் படவே இல்லை. நண்பன் வீட்டில் தூசி படிந்து கிடந்த ஒரு பென்டியம் 4 கம்ப்யூட்டரைத் தூக்கி வந்தேன். அதில் அசல் ஐடிஇ துளை இருந்தது.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இந்தப் பெட்டியின் பவர் சப்ளை தனிக் கூடு ஏதும் இல்லாமல் மூடிக்குள்ளேயே திறந்த பலகையாக இருக்கிறது. மூடியைக் கழற்றி ஆன் செய்தால் கைக்கு எட்டும் தூரத்தில் உயிர் மின்சாரம். நான் டிஸ்க்கைத் தட்டோடு தூக்கி, பவர் சப்ளை இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கேபிள் எட்டும் தூரத்தில் ஒரு அட்டையின் மேல் வைத்தேன். பலகையின் மேல் தடித்த பிளாஸ்டிக் ஃபைல் ஒன்றைக் கவிழ்த்தேன். இன்னொன்று, பெட்டியின் பிளக் இரண்டு முனை, எர்த் கிடையாது. பெட்டியின் உலோகத் தகட்டிலும் கம்ப்யூட்டர் கூட்டிலும் ஒரே நேரத்தில் கை பட்டபோது சுருக்கென்றது. அந்தச் சுருக்கு கேபிள் வழியாகப் பாய்ந்தால் சில்லுகள் என்ன ஆகும்? இரண்டையும் அணைத்துவிட்டு, உலோகத்தோடு உலோகத்தை ஒரு ஒயரால் இணைத்த பிறகே தொடர்ந்தேன்.

கம்ப்யூட்டரை ஒரு லினக்ஸ் சிடியில் துவக்கி, முதல் மெனுவிலேயே நிறுத்தி வைத்தேன். துவக்கத்தில் டிஸ்க்குகளைத் தேடும் பயாஸ் ஏற்கெனவே தன் வேலையை முடித்துவிட்டதால் புது டிஸ்க்கைத் தேடி வம்பு செய்யாது. பெட்டியை ஆன் செய்து, டேஷ்போர்டு முழுதாக வரும்வரை காத்திருந்தேன். அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு 40 பின் கேபிளைக் கோணாமல் நேராக உருவி, அடுத்த கேபிளின் சிவப்புக் கோட்டை மின் கேபிள் பக்கம் வைத்து அழுத்தினேன். டிவியில் படம் அப்படியே உறைந்தது. டிஸ்க் நிற்காமல் சுழன்றுகொண்டிருந்தது. லினக்ஸ் மெனுவில் என்டர் தட்டினேன்.

டிஸ்க்கின் நிலையைக் கேட்கும் எச்டிபார்ம் கட்டளையைக் கொடுத்தேன். கடையில் இருந்து வந்த அன்று 'லாக்டு' என்று இருந்த வரி இப்போது 'நாட் லாக்டு'. எழுந்து போய் ஒரு டீ போட்டுக்கொண்டு வந்தேன்.

உடனே கோப்புகளைத் தேடக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பழைய டிஸ்க், எந்த நிமிடமும் நிற்கலாம். கரண்ட் வேறு போகலாம். முதலில் தொடக்கத்தில் இருந்து கடைசி வரை டிடி கட்டளையால் அப்படியே நகல் எடுத்தேன். இது சீகேட் டிஸ்க், உண்மையில் 10 ஜிபி, ஆனால் பெட்டி பயன்படுத்துவது 8 மட்டும்தான். நகல் முடிந்ததும் எல்லாவற்றையும் அணைத்து, டிஸ்க்கைப் பழையபடி உள்ளே மாட்டிவிட்டேன். மற்ற வேலை எல்லாம் நகலில்தான்.

எந்தக் கம்ப்யூட்டருக்கும் இந்த நகல் காலியாகத் தெரியும். டிஸ்க்கின் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்றே இதில் கிடையாது. ஐந்து பகுதிகளும் எங்கே தொடங்கும் என்பது பெட்டியின் மென்பொருளில் எழுதியே வைத்திருக்கிறது. விளையாட்டுச் சேமிப்பும் இசையும் இருப்பது ஈ பகுதியில். அது தொடங்குவது 288,41,08,288-ஆவது பைட்டில். அங்கே போய்ப் பார்த்தேன். ஃபாட்எக்ஸ் என்ற நான்கு எழுத்து உட்கார்ந்திருந்தது. அதுதான் அந்தக் கோப்பு முறையின் பெயர், நாம் பழகிய ஃபாட்டுக்குப் பங்காளி. அதைப் படிக்கும் இலவசக் கருவிகள் இருப்பதால் மிச்சம் பத்து நிமிட வேலை. இசைக் கோப்புறைக்குள் வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட டபிள்யூஎம்ஏ ஒலிக் கோப்புகள், பெயர்கள் தனியாக ஒரு தரவுக் கோப்பில். நாங்கள் ஏற்றியது நான்கு. மூன்றில் கமெண்டரி. நான்காவதில் ஆறு நிமிடம் மின்விசிறிச் சத்தமும் நாய் குரைப்பும் மட்டும். மைக்கை அணைக்க மறந்துவிட்டு விளையாடப் போயிருக்கிறோம்.

மெல்போர்னில் இருக்கும் அத்தை மகனுக்கு அனுப்பினேன். "மச்சான், அந்த எல்பிடபிள்யூ நாட் அவுட்டுடா, கேட்டுப் பாரு, பந்து முட்டியில பட்ட சத்தமே இல்ல" என்று பதில் வந்தது.

மூடியைப் போடும் முன் ஒரு வேலை. மதர்போர்டில் கடிகாரத்துக்கென்று ஒரு மின்தேக்கி உண்டு. வருடங்கள் ஆக ஆக அது கசிந்து சுற்றியுள்ள செம்புக் கோடுகளை அரிக்கும். என்னுடையதன் அடியில் பழுப்பாக ஒரு பிசுபிசுப்பு. கழற்றி எறிந்துவிட்டு, ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பல் துலக்கியால் தேய்த்தேன். மின்தேக்கி இல்லாததால் பிளக்கைப் பிடுங்கிச் செருகும் ஒவ்வொரு முறையும் பெட்டி மணி கேட்கிறது, அவ்வளவுதான் நஷ்டம்.

ஈப்ராம் சாவியை அப்போது என்னால் எடுக்க முடியவில்லை. 2024-இல் எண்ட்கேம் என்று ஒரு வழி வெளியானது. விளையாட்டு டிவிடி வேண்டாம், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்ற வேண்டாம், மெமரி கார்டில் தயார் செய்த கோப்புகளை டேஷ்போர்டில் திறந்தாலே போதும். இந்தப் பெட்டியின் கன்ட்ரோலர் துளை பிளக் வடிவம் மட்டும் மாறிய யுஎஸ்பிதான் என்பதால், உடைந்த கன்ட்ரோலர் ஒயரை வெட்டி யுஎஸ்பி சாக்கெட் ஒன்றைப் பற்றவைத்தேன். அதிகமாக இருக்கும் மஞ்சள் ஒயரை விட்டுவிட வேண்டும். என்னிடம் இருந்த நான்கு பென் டிரைவில் ஒன்றைத்தான் பெட்டி மதித்தது. அதன் வழியாக 256 பைட் கோப்பு வெளியே வந்தது. இனி மதர்போர்டே எரிந்து போனாலும் கம்ப்யூட்டரிலேயே கடவுச்சொல்லைக் கணக்கிட்டு டிஸ்க்கைத் திறந்துவிடலாம்.

அந்தக் கோப்பை எனக்கே மின்னஞ்சல் செய்துகொண்டு, அத்தை மகனுக்கும் ஒன்று அனுப்பினேன். இது எதுக்குடா எனக்கு என்று கேட்டான். வீட்டுச் சாவி ஒன்னு உன்கிட்டயும் இருக்கட்டும் என்றேன்.