கன்னுக்குட்டியும் தீயணைப்பு வண்டியும்

புளியரைப் பக்கம் எங்க வயக்காட்டுக் கிணத்துல நேத்து சாயங்காலம் செவலைக் கன்னு விழுந்திருச்சு. கைப்பிடிச்சுவர் இல்லாத பழைய கிணறு. தப்பு எங்க மேலதான்.

101-க்கு அடிச்சோம். செங்கோட்டையில இருந்து வண்டி வந்துச்சு. ஒருத்தர் இடுப்புல கயித்தைக் கட்டிட்டு இறங்கி, கன்னு வயித்துக்குக் கீழ பெல்ட்டைச் சுத்தி, "மெல்ல இழுங்க, மெல்ல"ன்னு சத்தம் குடுக்க, மேல பத்துப் பேர் இழுத்தோம். கரையேறின கன்னு முதல் வேலையா அவர் தொடையிலயே ஒரு உதை விட்டுச்சு. (வளர்ப்பு அப்படி!)

அம்மா மோர் கொண்டுபோனா. இன்னொருத்தர் சிரிச்சுக்கிட்டே, "யக்கா, போன மழையில உங்க அடுப்படியில சாரைப்பாம்பு பிடிச்சது நான்தான்"னாரு. அன்னைக்கு இருந்த பயத்துல அம்மா அவர் மூஞ்சியைக்கூடப் பாக்கலை.

பேருதான் தீயணைப்பு. எஸ் வளைவுல லாரி கவுந்தாலும், ரோட்டுல மரம் சாஞ்சாலும் இவங்களைத்தான் கூப்பிடுதோம். 1944 ஏப்ரல் 14-ல பம்பாய் துறைமுகத்துல கப்பல் வெடிச்சு, தீயணைக்கப் போனவங்கள்ல நிறையப் பேர் செத்தாங்க. அந்தத் தேதிதான் தீத்தொண்டு நாள். வருஷா வருஷம் வருது, நான் ஒருதடவைகூட அந்த நிலையத்துப் பக்கம் எட்டிப் பாத்ததில்லை.

கிணத்துக்குக் கம்பி வலை போட விலை கேக்கச் சொல்லியிருக்கா அம்மா.