கத்திரி வெயிலில் ஒரு கம்ப்யூட்டர்

மே 4, ஞாயிறு

கத்திரி இன்று தொடங்கிவிட்டது. வேலூர் சத்துவாச்சாரியில் மலை பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி நம்மேல் துப்பும். மாடி அறையில் கல்யாண வீடியோ எடிட்டிங் இனி விடியற்காலை நாலு மணிக்குத்தான்.

ஆரணி கல்யாணத்தைத் தொட்டேன். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போடும் இடத்தில் படம் நின்றுவிடுகிறது, கெட்டிமேளம் மட்டும் ஓடுகிறது. அப்புறம் ஒரே தாவலில் அட்சதை. நாத்தனார் போட்ட இரண்டு முடிச்சும் காணோம். அந்த நாத்தனார்தான் தினம் போன் செய்கிறார், "அண்ணா, வீடியோ எப்ப?" என்று.

எட்டு வருஷத்து மெஷின். ஃபுல் எச்டி காலத்தில் சொன்ன பேச்சைக் கேட்டது. போன வருஷம் கேமரா மாற்றி 4கே, 10 பிட், 4:2:2 என்று கனமான கோப்பாக எடுக்க ஆரம்பித்ததில் இருந்து தகராறு. ப்ராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கு மட்டும் லேசான நகல், போட்டு ஓட்டலாம்தான், ஆனால் ஒரு கல்யாணத்துக்கு ஒரு ராத்திரி அதற்கே போகிறது. சீட்டு எடுத்த பணம் ஒன்றரை லட்சம் இருக்கிறது. மானிட்டர், யூபிஎஸ் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

மே 6, செவ்வாய்

கணக்குப் போட்டேன். நொடிக்கு 200 மெகாபிட் என்றால் 25 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 90 ஜிபி. இரண்டு கேமரா, மூன்று மணி நேரம் என்றால் 540 ஜிபி. ஒரே கல்யாணம்! ஆகவே விண்டோஸுக்குத் தனியாகச் சின்ன என்விஎம்இ (வேகமான டிஸ்க்), கையில் இருக்கும் வேலைக்கு 2 டிபி என்விஎம்இ. முடிந்த வேலை பழைய ஹார்ட் டிஸ்குக்கு, அதுவும் இரண்டு காப்பி. ஒரே காப்பி வைத்து ஒரு தடவை பட்ட அவஸ்தை போதும்.

மே 8, வியாழன்

கடைக்குப் போனேன். கடைத் தம்பி நல்ல பையன், மளமளவென்று கொட்டேஷன் எழுதினான்: இன்டெல் சிப் ஐ7-14700எஃப், 32 ஜிபி ராம், கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4060, கலர் கலராக எரியும் நாலு ஃபேன். அந்த எஃப் எதற்கு என்று கேட்டேன்.

"எஃப்னா உள்ளே கிராஃபிக்ஸ் இருக்காதுண்ணா. நாமதான் தனியா கார்டு போடுறோமே, அதுக்கு எதுக்குண்ணா இன்னும் ரெண்டாயிரம்?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அட்வான்ஸ் கொடுக்கப் பர்ஸைக்கூட எடுத்துவிட்டேன். நல்ல வேளை, ராணிப்பேட்டை நண்பர் போனில் வந்தார். அவருக்கும் இதே தொழில், இதே கேமரா. "எஃப் இருந்தா தொடாதே" என்றார்.

மே 9, வெள்ளி

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதி வைக்கிறேன். 4:2:2 கோப்பில் நிறத் தகவல் வழக்கமான 4:2:0-ஐப் போல இரண்டு மடங்கு. அரக்குப் பட்டுப் புடவையில் ஜரிகை ஓரம் கசியாமல் நிற்பதற்கு அதுதான் உதவி. எச்.265 என்ற முறையில் சுருட்டிய அந்தக் கோப்பைப் பிரித்துக் காட்ட ஆர்டிஎக்ஸ் 40 வரிசை கார்டில் வசதி கிடையாது, 50 வரிசையில்தான் வந்திருக்கிறது. ஆனால் இன்டெல் சிப்பின் உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ், குவிக் சிங்க் என்ற பெயரில், அந்த வேலையைச் சும்மா செய்துவிடும். எச்.264 என்ற பழைய முறையில் 4:2:2 எடுப்பவர்களுக்கு இந்த 14-ஆம் தலைமுறைச் சிப்பில் அது பலிக்காது. நான் எடுப்பது எச்.265, பிழைத்தேன்.

எஃப் என்றால் அந்தப் பகுதியே அணைந்து போனது. சாமி இல்லாத கோயில் என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவார்களே, அது மாதிரி. அந்தக் கேலியும் 1981-ல் முடிந்துவிட்டது, எங்கள் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கோட்டைக்குக் கொண்டுபோய் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் வைத்ததோடு. சிப்புக்கு அப்படிப் பின்னால் கொண்டுபோய் வைக்க முடியாது.

மே 11, ஞாயிறு

எஃப் இல்லாத 14700 முடிவாகிவிட்டது. 4060 இருக்கட்டும், நிறத் திருத்தத்துக்கும் எஃபெக்டுக்கும் அது வேண்டும். கலர் ஃபேன் வேண்டாம் என்றேன், தம்பிக்கு முகம் வாடிவிட்டது. அந்தக் காசில் சிப்பைக் குளிர்விக்கப் பெரிய டவர் கூலர். சிப் 100 டிகிரியைத் தொட்டால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், இந்த மாடியில் பெட்டியோடு வரும் குட்டி ஃபேனை நம்ப முடியாது. மானிட்டர் 27 இஞ்ச் ஐபிஎஸ். யூபிஎஸ் 1 கேவிஏ, கரன்ட் போனால் சேவ் பண்ணி அணைக்க அவகாசம் கிடைத்தால் போதும்.

மே 16, வெள்ளி

நேற்று வைகாசி ஒன்று, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. விடியற்காலையில் இருந்து கூட்டத்தில் மிதந்தேன். உடம்பெல்லாம் வலி. மெமரி கார்டுகளைத் தொடவில்லை.

மே 18, ஞாயிறு

மெஷின் வந்தது. அம்மா மாடியில் காயப்போட்டிருந்த வடாமைத் தாண்டித் தாண்டி ஏற்றினோம், ஒன்றிரண்டு நொறுங்கியதற்குத் திட்டும் வாங்கினோம். ஆசையாக ஆரணிக் கல்யாணத்தைத் திறந்தேன். முதல் முடிச்சு. நின்றது. அட்சதை.

வயிறு கலங்கிவிட்டது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ஒரே ஒரு ஜிபியு (கிராஃபிக்ஸ் பகுதி), அதுவும் 4060. சிப்புக்குள் இருக்கவேண்டியது எங்கே? ராணிப்பேட்டைக்குப் போன் போட்டேன். சிரித்தார். கார்டு மாட்டியதும் சில போர்டுகள் உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸைத் தூங்க வைத்துவிடுமாம். பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் செட்டிங்கில், நுழைந்து ஐஜிபியு மல்டி மானிட்டர் என்ற வரியைத் தேடி எனேபிள் செய்யச் சொன்னார். செய்தேன். திரும்பத் திறந்தபோது ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டு. ப்ளே அழுத்தியதும் இன்டெல்லின் வீடியோ டீகோட் கோடு மேலே எழுந்தது.

இரண்டாவது முடிச்சு தெரிந்தது. மூன்றாவதும். நாத்தனார் முடிச்சுப் போடும்போது தாலியைப் பார்க்கவே இல்லை, என் கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.