சின்ன ட்ரக்டருக்கு ஹைட்ரோலிக் வால்வ் பூட்டினோம்

எங்களுடையது யப்பானில் பாவித்து வந்த சின்ன ட்ரக்டர். அதில் ஹைட்ரோலிக்கால் இயங்குவது பின்னால் கலப்பை தூக்கும் கைகள் மட்டும்தான். ஹன்வெல்லத் தோட்டத்தில் மட்டையும் எருவும் ஏற்ற டிப்பர் பெட்டி ஒன்று செய்வித்தபோது, அதைத் தூக்க வெளியே ஒரு ஒயில் லைன் தேவைப்பட்டது. அப்பா இந்த வயதில் மண்வெட்டியால் வழித்து இறக்குவதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை.

கொழும்பு பஞ்சிகாவத்தையில், ஒயிலை வேண்டிய பக்கம் திருப்பிவிடும் ஒற்றை லீவர் வால்வ் ஒன்று வாங்கினேன். ஒயில் வர ஒரு வாய், திரும்ப ஒரு வாய், சிலிண்டருக்கு இரண்டு. ஹோஸ் அடிக்கக் கிராண்ட்பாஸுக்குக் கொண்டுபோனேன். பட்டறை அண்ணர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, கலப்பைக்கு ஒயில் எங்கால போகும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எங்கள் ட்ரக்டரைக் காப்பாற்றியது.

இந்தச் சின்ன ட்ரக்டர்களில் பெரும்பாலும் கியர் பம்பிதான். எஞ்சின் ஓடும்வரை ஒயில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். புது வால்வைப் பம்பிக்கும் தூக்கும் கைகளுக்கும் நடுவே வைக்கிறோம். திரும்பும் வாயை ஒயில் நிற்கும் கியர்பொக்ஸுக்கு விட்டால் கலப்பைக்கு ஒயில் இல்லை. கலப்பைப் பக்கம் விட்டால், கலப்பை தூக்கும் ஒவ்வொரு முறையும் முழு அழுத்தமும் அந்த வாயில் ஏறும். அதைத் தாங்கும்படி அது செய்யப்படவில்லை, சீல் போய்விடும். அடுத்த வேலைக்கு அழுத்தத்தோடு ஒயிலை அனுப்ப 'பவர் பியொண்ட்' என்று தனி வாய் வேண்டும். அது இருக்கிற வால்வாக மாற்றினேன். கூடவே லீவரில், சிலிண்டர் ஒயிலைத் தடையில்லாமல் திரும்பவிடும் ஃப்ளோட் நிலையும் உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். எங்கள் சிலிண்டருக்கு ஒரே ஹோஸ்தான், ஃப்ளோட்டில் விட்டால் பெட்டி தன் பாரத்திலேயே இறங்கும்.

பூட்டிய அன்றே ஒரு இணைப்பில் ஒயில் கசிந்தது. நூல் டேப் சுற்றி இன்னும் இறுக்கினேன். அது பிழை. வால்வின் வாய் பிஎஸ்பி, நான் போட்ட ஃபிட்டிங் என்பிடி, இரண்டும் வேறு வேறு புரி வகைகள். அரை அங்குலத்தில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 புரிகள், அதனால் கையால் சுற்றும்போது சுகமாக ஏறும். ஆனால் புரியின் கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60. எவ்வளவு இறுக்கினாலும் அடைக்காது. டேப்பின் துணுக்கு உள்ளே போனால் வால்வும் சிக்கிக்கொள்ளும். எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி, சரியான ஃபிட்டிங்கும் ரப்பர் விளிம்பு வொஷரும் போட்டோம்.

கசிவு தேடும்போது கையால் தடவவே வேண்டாம். ஊசித்துளையில் பீறும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். நோகாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. நாங்கள் கார்ட்போர்ட் துண்டைப் பிடித்துத்தான் பார்த்தோம்.

ஒயில் அளவையும் கணக்குப் பார்த்தேன். 75 மி.மீ. விட்டமும் 600 மி.மீ. ஓட்டமும் உள்ள சிலிண்டர் முழுதாக நீள 2.65 லீற்றர் வேண்டும். அது கியர்பொக்ஸ் ஒயிலிலிருந்துதான் போகிறது. அதனால் பெட்டியை இறக்கி வைத்து அளவுகோலின் மேல்கோடு வரை நிரப்பினேன், பிறகு தூக்கி நிறுத்திக் கீழ்க்கோட்டுக்கு மேலே நிற்கிறதா என்று பார்த்தேன். நின்றது.

இப்போது லீவர் அப்பாவின் கையில். ஹோஸைக் கழற்றிய உடனே அது பூட்டும் வாயான கப்லருக்கு ரப்பர் மூடி போடச் சொல்லியிருக்கிறேன், மண் போனால் முதலில் தேய்வது பம்பிதான்.