பார்ட்டன் ஹாலா, பஃபலோவா?

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் ரசிகர்கள் இரண்டு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் 1977 மே மாதத்தில்தான் போய் நிற்கும். மே 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. நியூயார்க் மாநிலத்தில் இத்தாக்கா என்ற சிறிய ஊர், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். மறுநாள் இரவு அதே குழு பஃபலோவில் வாசித்தது. இந்த இரண்டில் எது உசத்தி என்ற சண்டை பல வருஷமாக ஓய்ந்தபாடில்லை. எனக்கும் அதில் ஒரு கட்சி உண்டு. அதனால்தான் இரண்டு ஊரையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

இந்தக் குழுவை அதிகம் கேட்டிராதவர்களுக்காக ஒரு வார்த்தை. 1965 முதல் 1995 வரை 2,300-க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தவர்கள் இவர்கள். இன்று என்ன வாசிக்கப்போகிறோம் என்பதைப் பெரும்பாலும் மேடையிலேயே முடிவு செய்வார்கள். ஒரே பாட்டு ஒரு நாள் எட்டு நிமிடத்தில் முடியும், இன்னொரு நாள் இருபது நிமிடம் போகும். ஒரே கீர்த்தனைக்கு நேற்று கேட்ட நிரவல் இன்று கிடைக்காது என்பது நம் கச்சேரி ரசிகர்களுக்குத் தெரியும்தானே, அதே சங்கதிதான். ஆல்பத்தை வைத்து இவர்களை எடைபோட முடியாது. தேதியை வைத்துத்தான் பேச வேண்டும். ரசிகர்கள் பாட்டின் பெயரைவிட முதலில் தேதியைச் சொல்வது அதனால்தான்.

நியூஜெர்சியிலிருந்து காரில் மூன்று பேர். ஓட்டியவர் என் கல்லூரி நண்பன். பின் இருக்கையில் அவனுடைய பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், 1977-ல் பஃபலோ நிகழ்ச்சியை நேரில் பார்த்தவர். அவர் வருகிறார் என்று கேட்டதுமே எனக்குப் பாதி சந்தோஷம், பாதி போருக்குப் போகிற மனநிலை. ஸ்க்ரான்டன், பிங்ஹாம்டன், ஓவேகோ வழியாகச் சுமார் நான்கு மணி நேரம். வழியெல்லாம் அந்த வாரத்து இரவுகளைத் தேதி வரிசையில் போட்டுக்கொண்டே போனோம். மே 5 நியூ ஹேவன், மே 7 பாஸ்டன். பாஸ்டன் பாதியில் இருக்கும்போதே இத்தாக்கா வந்துவிட்டது.

ஊர் கீழே, பல்கலைக்கழகம் மேலே. நகர மையத்திலிருந்து கஸ்கடில்லா ஓடையை ஒட்டிக் கல்படிகள் ஏறுகின்றன. குளிர்காலத்தில் இந்தப் பாதையை அடைத்துவிடுவார்கள், மே மாதத்தில் திறந்திருக்கும். அருவி அருவியாகத் தண்ணீர் பக்கத்திலேயே விழ, அடுக்கடுக்கான பாறைகளுக்கு நடுவே நடந்து ஏறினால் வளாகத்துக்கே வந்துவிடலாம். பெரியவரை நண்பன் காரில் அழைத்துக்கொண்டு வந்தான். நான் நடந்தேன். இத்தாக்கா போகிறவர்கள் இந்த நடையை விட்டுவிடக் கூடாது.

பார்ட்டன் ஹால் முதல் உலகப் போர்க் காலத்தில் ராணுவப் பயிற்சிக்கூடமாகக் கட்டப்பட்டது. வெளியே கனமான கல் சுவர், கோட்டை மாதிரி. உள்ளே தூணே இல்லாத ஒரே பெரிய கூடம். தலைக்கு மேல் வளைந்த இரும்புச் சட்டங்கள், கீழே ஓட்டத் தடம், நடுவில் கூடைப்பந்து கோடுகள். நாங்கள் போன நேரத்தில் சில மாணவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு காலடியும் கூரைவரை போய் மோதி, தேய்ந்துபோன சத்தமாகத் திரும்பி வந்தது. பெரியவர் ஓரமாக நின்று ஒரே ஒரு தடவை கைதட்டினார். தட்டியது ஒன்று, கேட்டது மூன்று நான்கு.

“கேட்டீர்களா? அன்றைக்கு இங்கே நின்றவர்களுக்கு இப்படித்தான் கேட்டிருக்கும். நீங்கள் வீட்டில் கேட்பது பெட்டி கேன்டர்-ஜாக்சன் பிடித்த டேப்பை” என்றார்.

அவர் கட்சியின் முதல் வாதம் அது, பலமான வாதமும்கூட. இந்தப் பெட்டி அந்தக் குழுவின் ஒலிப்பதிவாளர். மேடையிலிருந்து வரும் ஒலியை நேராக இரண்டு தடத்தில் கலந்து ரீலில் பிடித்தார். கூடத்தின் எதிரொலி அதில் ஏறவே இல்லை. ஒவ்வொரு கருவியும் கையால் தொட்டுப் பார்க்கலாம் போலத் தெளிவாக நிற்கும். பிற்பாடு அவர் ரீல்களை வைத்திருந்த வாடகைக் கிடங்குக்குப் பணம் கட்ட முடியாமல் போனது. 80-களின் நடுவில் ரீல்கள் ஏலத்துக்குப் போயின. வாங்கியவர்கள் கைமாற்ற, பிரதிகள் ரசிகர்களிடம் பரவின. இந்தக் குழு தன் கச்சேரிகளை ரசிகர்கள் பதிவு செய்ய அனுமதித்தது. 1984-லிருந்து டேப்பர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான் விதி. வெற்று கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் முகம் தெரியாத ஒருவர் பதிவு செய்து திருப்பி அனுப்புவார். அப்படிக் கையில் வந்த முதல் நல்ல டேப் பலருக்குக் கார்னெல்தான். ‘முதலில் கேட்டதும் தெளிவாகக் கேட்டதும் அதுதான், அதனால்தான் அது பெரிசாகிவிட்டது’ என்பது பஃபலோ கட்சியின் குற்றச்சாட்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2011-க்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் கார்னெலைச் சேர்த்தது அவர்கள் வயிற்றெரிச்சலை இன்னும் கிளப்பிவிட்டது. 2017-ல், நாற்பதாவது ஆண்டில், அது அதிகாரபூர்வமாக வெளிவந்தது.

என் பதில் இது. தெளிவு இல்லாத டேப்பில் கேட்டாலும் ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’ முடிந்து ‘ஃபயர் ஆன் த மவுண்டன்’ தொடங்கும் இடம் அப்படியேதான் இருக்கும். இரண்டாவது பாட்டு அன்றைக்குப் புத்தம் புதிசு. அதற்கு முந்தைய மார்ச் மாதம்தான் முதல் தடவை மேடை ஏறியது, அப்போது ஆல்பத்தில் வந்திருக்கவே இல்லை. இரண்டும் சேர்ந்து இருபத்தைந்து நிமிடத்துக்குச் சற்று மேல். முதல் பாட்டின் கடைசி வரி முடிந்த பிறகு யாரும் அடுத்ததற்கு அவசரப்படுவதில்லை. ஜெர்ரி கார்சியாவின் கிதார் சும்மா சுற்றி வருகிறது. ஃபில் லெஷின் பேஸ் மெதுவாக இரண்டே ஸ்வரங்களுக்கு இடையில் ஊஞ்சலாடத் தொடங்குகிறது. டிரம்மர்கள் பில் க்ரூட்ஸ்மனும் மிக்கி ஹார்ட்டும் அந்த ஊஞ்சலைப் பிடித்துக்கொள்கிறார்கள். பாட்டு எந்த நொடியில் மாறியது என்று விரல் வைத்துக் காட்டவே முடியாது. பலர் எழுதும் செட்லிஸ்டில், அதாவது அன்று வாசித்த பாட்டுகளின் பட்டியலில், ஒரு பாட்டு நிற்காமல் அடுத்ததற்குள் போகிறது என்று காட்ட நடுவே போடும் அம்புக்குறிக்கு முழு அர்த்தம் கிடைத்தது அந்த நிமிடங்களில்தான் என்பது என் கட்சி. மனோதர்மத்தில் புதிதாக ஒன்றைப் பிடிப்பது ஒரு திறமை. பிடிக்காமல் காத்திருப்பது அதைவிடப் பெரிய திறமை. அன்று ஏழு பேரும் சேர்ந்து காத்திருந்தார்கள்.

அந்தக் கூடத்தின் நடுவில் நின்றபோது டேப்பில் கேட்ட ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. இரண்டாவது செட், அதாவது இடைவேளைக்குப் பிந்தைய பாதி, தொடங்கும் முன் கூட்டம் மேடையை நெருக்குகிறது. முன்வரிசை நசுங்குகிறது. குழுவின் இன்னொரு கிதார்க்காரர் பாப் வெயர் மைக்கில், எல்லோரும் ஓர் அடி பின்னால் போங்கள், இன்னும் ஓர் அடி, என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். கூட்டம் பின்னால் நகர்ந்த பிறகுதான் ‘ஸ்கார்லெட்’ வருகிறது. கடைசியில் ‘மார்னிங் டியூ’. அதன் முடிவில் கார்சியா ஸ்வரங்களை விட்டுவிட்டு நரம்புகளை மொத்தமாக வீசி வாசிக்கும் இடத்தில் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செடுக்கும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்று பாராமல் ‘ஒன் மோர் சாட்டர்டே நைட்’ போட்டு அனுப்பிவைத்தார்கள். வெளியே வந்தவர்களை வரவேற்றது பனி. மே மாதத்தில் பனி!

இந்தக் கூடத்துக்கு அவர்களில் சிலர் திரும்பியும் வந்தார்கள். 2023 மே 8 அன்று வெயரும் ஹார்ட்டும் இருந்த டெட் அண்ட் கம்பெனி இதே பார்ட்டன் ஹாலில் நிதி திரட்டும் நிகழ்ச்சி ஒன்றை நடத்தியது.

மறுநாள் காலை பஃபலோ. கயூகா ஏரியின் மேற்குக் கரையோடு போனோம். டகானக் அருவி வழியில்தான் இருக்கிறது. சுமார் 65 மீட்டர், நயாகராவைவிட உயரம், ஆனால் ஒல்லி. பக்கத்து ஊர் ட்ரூமன்ஸ்பர்க்கில்தான் ராபர்ட் மூக் 60-களில் தன் சிந்தசைசர்களைச் செய்தார். ராக் இசையின் சத்தத்தையே மாற்றிய பட்டறை இவ்வளவு சின்ன ஊரில் இருந்தது என்பதே எனக்கு ஆச்சரியம்.

கயூகாவைத் தாண்டியதும் நண்பன் தன் குண்டைத் தூக்கிப் போட்டான். “நீங்கள் ரெண்டு பேருமே தப்பான வருஷத்தில் நிற்கிறீர்கள். 72-ஐக் கேளுங்கள்.”

அவன் சொல்வது 1972 ஆகஸ்ட் 27, ஒரேகானில் வெனிட்டா என்ற இடத்தில், சுட்டெரிக்கும் வெயிலில் ஒரு பால்பொருள் தயாரிப்பு நிறுவனத்துக்கு உதவுவதற்காக நடந்த நிகழ்ச்சி. அங்கே ‘டார்க் ஸ்டார்’ அரை மணி நேரம் போகும், எங்கே போகிறது என்று வாசிப்பவர்களுக்கே தெரியாமல். அப்போது ஹார்ட் குழுவில் இல்லை, ஒரே ஒரு டிரம்மர். அதனால் தாளம் இலேசாக இருந்தது, நினைத்த பக்கம் திரும்ப முடிந்தது. “77-ல் இரண்டு டிரம்மர்கள். அந்த நேரத்தில் ஆல்பம் தயாரித்த கீத் ஓல்சன் அவர்களை உட்காரவைத்து ஒழுங்காகப் பயிற்சி பண்ணவைத்தார். அதனால்தான் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது. சுத்தம் வேறு, சாகசம் வேறு” என்றான்.

இதை லேசில் தள்ள முடியவில்லை. 77-ல் யாரும் கிணற்றுக்குள் குதிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் இரண்டு டிரம்மர்களைச் சுமை என்று சொல்வதை நான் ஒப்பமாட்டேன். ஹார்ட் தபலா மேதை அல்லா ரக்காவிடம் தாளம் கற்றவர். பின்னாளில் ஜாகிர் உசேனோடும் நம் விக்கு விநாயக்ராமின் கடத்தோடும் ‘பிளானட் டிரம்’ செய்து கிராமி வாங்கியவர். கார்னெலில் ‘எஸ்டிமேட்டட் ப்ராஃபெட்’ ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. மிஸ்ர சாப்பு கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த நடை உடனே ஒட்டிக்கொள்ளும். இரண்டு டிரம்மர்கள் அதை எவ்வளவு ஆற அமர நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். எடை இல்லாமல் அந்த நடை நிற்காது.

பஃபலோவில் பார்க்க அரங்கமே இல்லை. மெமோரியல் ஆடிட்டோரியம், உள்ளூர்க்காரர்கள் செல்லமாக ‘ஆட்’ என்பது, 2009-ல் இடிக்கப்பட்டது. இப்போது அங்கே கனால்சைட். பழைய கால்வாயின் நினைவாகத் தண்ணீர் ஓடைகள், குளிர்காலத்தில் சறுக்கு மைதானம். ஈரி ஏரிக் காற்று முகத்தில் அடித்தது. பெரியவர் இடம் வலம் பார்த்துவிட்டு, “மேடை இந்தப் பக்கம் இருந்தது. நான் அந்தப் பக்கச் சரிவில்” என்று தண்ணீரைக் காட்டினார்.

ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அவருடைய ஃபோனில் மே 9-ஐப் போட்டோம். முதல் பாட்டே ‘ஹெல்ப் ஆன் த வே’, அதிலிருந்து ‘ஸ்லிப்நாட்’, அதிலிருந்து ‘ஃப்ராங்க்ளின்ஸ் டவர்’. ‘ஸ்லிப்நாட்’ சிக்கலான கணக்கு. கொஞ்சம் கவனம் சிதறினால் ஏழு பேரும் ஏழு திக்கில் போய்விடுவார்கள். கச்சேரியின் முதல் பத்து நிமிடத்தில், கை சூடாகும் முன்னாலேயே, அதைத் தொடுவதற்குத் துணிச்சல் வேண்டும். கார்னெல் முதல் செட்டில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை. ‘டான்சிங் இன் த ஸ்ட்ரீட்’ அருமைதான், ஆனால் அது முதல் செட்டின் கடைசியில் வருகிறது. இதைப் பெரியவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் முகத்தில் வெற்றிச் சிரிப்பு எதுவும் இல்லை. “இன்னும் ‘கம்ஸ் அ டைம்’ வரவில்லையே” என்றார்.

இரண்டாவது செட்டின் பின்பாதியில் அது வந்தது. மெதுவான பாட்டு. குரல் முடிந்ததும் கார்சியாவின் கிதார் மேலே ஏறுகிறது, ஏறுகிறது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு வலது கை விரல்களைத் தொடைமேல் அசைத்தார், அந்த ஏற்றத்தின் ஒவ்வொரு படியும் அவருக்கு மனப்பாடம். “இதைக் கேட்டுவிட்டு அன்றைக்கு யாரும் பக்கத்தில் இருப்பவரிடம் பேசவில்லை” என்று மட்டும் சொன்னார். நேரில் இருந்தவரின் அந்தச் சாட்சிக்கு என்னிடம் பதில் இல்லை, ஆனால் தீர்ப்பு மாறவும் இல்லை. முதல் செட் பஃபலோ. இரண்டாவது செட் கார்னெல். முழு இரவாக ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமென்றால் கார்னெல்.

“அப்போ வெனிட்டா?” என்றான் நண்பன்.

சரி, அதைத் திரும்பும் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்றோம். ராச்செஸ்டரைத் தாண்டும்போது ‘டார்க் ஸ்டார்’ பதினைந்தாவது நிமிடத்தில் இருந்தது. இந்த முறை பெரியவரும் நானும் ஒரே கட்சி.

புதிதாகக் கேட்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: கார்னெலின் ‘ஸ்கார்லெட்’, ‘ஃபயர்’ இரண்டையும் இடைவெளி விடாமல் முதலில் கேளுங்கள். அடுத்து பஃபலோவின் முதல் மூன்று பாட்டு. இணைய ஆவணக் காப்பகத்தில் இந்தக் குழுவின் ஆயிரக்கணக்கான பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே கூட்டத்தில் நின்று பிடித்த பதிவு இருந்தால் அதையும் விடாதீர்கள், கூடத்தின் சத்தம் அதில்தான் இருக்கிறது. இத்தாக்கா போவதானால் மே நடுவில் போங்கள். பார்ட்டன் ஹாலில் பரீட்சை நடக்கும் நாட்களில் உள்ளே விடமாட்டார்கள், அதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.