காவடி கூண்டு வெல்டிங் செய்வதற்கு முன்னால் அந்த பிரேக் கிளீனர் ஸ்பிரே டின்னைக் கீழே வையுங்கள்

தைப்பூசம் நெருங்கும்போது பினாங்கில் எங்கள் பக்கம் ஏதாவது ஒரு வீட்டு கார் போர்ச்சில் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் வெல்டிங் வெளிச்சம் தெரியும். தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போகிற காவடிக்கு அலுமினியப் பைப்பிலோ ஜிஐ பைப்பிலோ (துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்) கூண்டு கட்டுகிற தம்பிகள்தான். கண்ணுக்குக் கவசம், கைக்கு உறை எல்லாம் போட்டுக்கொள்கிறார்கள், நல்லது. ஆனால் எனக்குப் பயம் வருவது வெல்டிங்குக்கு முன்னால் அந்தப் பைப்பை எதை வைத்துத் துடைக்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போதுதான்.

எண்ணெய்ப் பசை இருந்தால் வெல்டிங் பற்று ஓட்டை ஓட்டையாக வரும், அதிலும் அலுமினியம் கொஞ்சம்கூடப் பொறுக்காது, அதனால் துடைத்தே ஆக வேண்டும். சரி. எதிரில் மோட்டார் சைக்கிளுக்கு வாங்கிய பிரேக் கிளீனர் டின், அதாவது பிரேக்கில் இருக்கிற எண்ணெய் அழுக்கைக் கரைக்கிற ஸ்பிரே, இருக்கிறது, இரண்டு தடவை அடித்தால் பைப் பளிச்சென்று ஆகிவிடுகிறது, உடனே காய்ந்தும் விடுகிறது. வேறு என்ன வேண்டும் என்று தோன்றும்.

பிரேக் கிளீனரில் இரண்டு வகை உண்டு. ஒன்று அசிட்டோன், ஹெப்டேன் மாதிரி தீப்பிடிக்கிற திரவங்களில் செய்தது. இன்னொன்று குளோரின் சேர்ந்த கரைப்பான்களில் செய்தது, பெரும்பாலும் டெட்ராகுளோரோஎத்திலீன், சிலவற்றில் மெத்திலீன் குளோரைடு. இந்த இரண்டாவது வகை லேசில் தீப்பிடிக்காது, டின்னிலேயே அப்படிப் போட்டிருக்கும். ஒரு தம்பி என்னிடம் அதைக் காட்டி, "அண்ணே, இது நெருப்பே பிடிக்காதுன்னு போட்டிருக்கு, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. வெல்டிங் செய்கிறவன் நெருப்புக்குத்தான் பயப்படுவான். ஆனால் இந்த விஷயத்தில் ஆபத்து தலைகீழாக இருக்கிறது: தீப்பிடிக்காத டின்தான் ஆளைக் கொல்லக்கூடியது.

வெல்டிங் ஆர்க்கின், அதாவது உலோகத்தை உருக்குகிற அந்த மின்பொறியின், சூடும் அதிலிருந்து வரும் புற ஊதா ஒளியும் அந்தக் குளோரின் கரைப்பானின் ஆவியை உடைக்கும்போது ஃபாஸ்ஜீன் என்ற வாயு உண்டாகிறது. முதல் உலகப் போரில் 1915-லிருந்து போர்க்களத்தில் பயன்படுத்திய அதே வாயு, அந்தப் போரில் விஷ வாயுவால் செத்தவர்களில் பெரும்பாலானோர் இதனால்தான் செத்தார்கள். வேலை இடங்களில் காற்றின் பத்து லட்சம் பங்கில் 0.1 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று அமெரிக்காவில் வரம்பு வைத்திருக்கிறார்கள், 2 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று கணக்கு. காய்ந்த புல் வாசனை அடிக்கும் என்பார்கள், ஆனால் மூக்குக்கு அந்த வாசனை தெரிவதற்குள் அளவு அந்த வரம்பைத் தாண்டியிருக்கும். மூக்கை நம்ப முடியாது.

பைப்பில் காய்ந்துவிட்டதே என்று சொல்லாதீர்கள். மூலையிலும் பைப்புக்குள்ளும் ஈரம் தங்கும். ஆவி காற்றைவிடக் கனம், கீழேயே கிடக்கும். பக்கத்தில் ஒருவர் ஸ்பிரே அடித்துக்கொண்டிருக்க நீங்கள் தள்ளி நின்று ஆர்க் அடித்தாலும் அந்த ஒளி போய் ஆவியை உடைக்கும். அலுமினியத்தை டங்ஸ்டன் முனையும் ஆர்கான் வாயுவும் வைத்துச் செய்கிற டிக் வெல்டிங்கில் பற்ற வைக்கும்போது இந்த ஒளி இன்னும் கடுமை, காவடிக்கு நாம் அதிகமாக எடுப்பதும் அலுமினியம்தான்.

அதனால் அசிட்டோனை வாங்குங்கள், ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். சுத்தமான துணியில் நனைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, டின்னையும் துணியையும் தூரமாக வைத்துவிட்டுத்தான் ஆர்க் அடிக்க வேண்டும், ஏனென்றால் இது நிஜமாகவே தீப்பிடிக்கும். இரண்டு பக்கமும் அடைத்த பைப்புக்குள் ஊற்றவே ஊற்றாதீர்கள், வெடிக்கும். அலுமினியமாக இருந்தால் துடைத்த பிறகு, அதற்கென்றே தனியாக வைத்த ஸ்டெயின்லஸ் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். டின்னில் போட்டிருக்கிற கரைப்பான் பெயரில் "குளோரோ" என்றோ "குளோரைடு" என்றோ வருகிற எதுவும் வெல்டிங் நடக்கிற இடத்துக்குள் வரக்கூடாது, பிரேக் வேலைக்குக்கூட அங்கே வேண்டாம்.

ஜிஐ பைப்புக்கு வேறு தொல்லை. மேலே இருக்கிற துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துவிடும், இரும்பு உருகவே ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும், ஆகவே பற்று விழுவதற்கு முன்னாலேயே வெள்ளைப் புகை கிளம்பிவிடுகிறது. பற்ற வைக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் குறைந்தது ஓர் அங்குலம், முடிந்தால் இரண்டு, கிரைண்டரில் ஃப்ளாப் டிஸ்க் போட்டு எடுத்துவிடுங்கள். அந்தத் தூசிக்கும் முகமூடி வேண்டும், கொரோனா காலத்து நீலத் துணி முகமூடி இல்லை, முகத்தோடு ஒட்டி உட்காருகிற பி100 வடிகட்டி. இது துத்தநாகப் புகையைத் தடுக்கும், ஃபாஸ்ஜீனைத் தடுக்காது, இதை மறந்துவிடாதீர்கள். ஆசிட்டில் ஊறவைத்து எடுப்பவர்களும் உண்டு, செய்தால் வெளியில் வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் பிளீச் இருக்கவே கூடாது.

துத்தநாகப் புகையை இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும், வாயில் உலோக ருசி இருக்கும், ஒன்றிரண்டு நாளில் போய்விடும். பட்டறைகளில் பால் குடிக்கச் சொல்வார்கள். புகை போனது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு, ஒரு பிரயோஜனமும் இல்லை. எனக்கு இதில் கோபம் வருவது வேறு காரணத்துக்காக. ஃபாஸ்ஜீனும் உடனே காட்டாது, முதலில் கொஞ்சம் இருமல், கண் எரிச்சல், அப்புறம் எல்லாம் சரியான மாதிரி இருக்கும், பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்கூட, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு அடைக்கும். "ஜிஐ காய்ச்சல்தான், பாலைக் குடிச்சிட்டுப் படு" என்று வீட்டிலேயே வைத்திருந்தால் அந்த நேரமெல்லாம் வீணாகிவிடும்.

ஸ்பிரே அடித்த உலோகத்தில் வெல்டிங் செய்து புகையை இழுத்துவிட்டால், நன்றாக இருக்கிறது என்று தோன்றினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள். நடந்து ஓடி உடம்பை வருத்தாமல் யாரையாவது கூட்டிப்போகச் சொல்லுங்கள். டின்னையோ அதன் லேபிளின் படத்தையோ எடுத்துப் போய், குளோரின் கரைப்பான் மேல் வெல்டிங் செய்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் டாக்டருக்கு அது தெரிய வழியில்லை. நச்சு விஷயங்களுக்கென்றே தேசிய நச்சு மையம் நம் பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது, டாக்டர்கள் அங்கே கேட்டுக்கொள்ளலாம்.