ஒல்லியான உடம்பில் 250

என் தம்பிக்கு 26 வயது. ஐந்தடி எட்டங்குல உயரம், 54 கிலோ எடை. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பகுதியான கொட்டகலையில் இருந்து கொழும்புக்கு வேலைக்குப் போனவன், காப்புறுதிக்காக நிறுவனம் எடுக்கச் சொன்ன இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான். மொத்தக் கொலஸ்ட்ரோல் 318. அதில் கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்டிஎல் 250. ட்ரைகிளிசரைட் என்ற இன்னொரு வகைக் கொழுப்பு 120, நல்ல கொழுப்பு என்னும் எச்டிஎல் 44. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சரியாகவே இருந்தன.

அம்மா நம்பவில்லை. "காற்றடித்தால் விழுந்துவிடுவான் போல இருக்கிறான், இவனுக்கு எங்கிருந்து கொழுப்பு வந்தது? யாருடைய இரத்தத்தையோ மாற்றிப் பார்த்திருக்கிறார்கள்" என்றார். அறிக்கையை முதலில் பார்த்த தனியார் வைத்தியர் ஒருவர், முட்டையையும் இறைச்சியையும் நிறுத்திவிட்டு ஆறு மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார். அப்பா எத்தனை வயதில் இறந்தார் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அப்பா இறந்தது 44 வயதில். தேயிலைச் செடிகளை வெட்டிக் கவ்வாத்துப் பண்ணும் மலையில் வேலை செய்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அவரும் ஒல்லிதான். பனியில் நின்றது, வெறும் வயிற்றில் மலைக்குப் போனது, செய்வினை என்று லயத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பெரியப்பா 47 வயதில் போனபோதும் அதே பேச்சு. கொலஸ்ட்ரோல் என்பது பட்டணத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு வருவது என்ற நினைப்பு எங்கள் தோட்டங்களில் இன்றைக்கும் இருக்கிறது.

பிறகு கண்டியில் அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்குக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கிருந்த பெண் வைத்தியர் முதலில் அவனுடைய சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். கட்டிலில் மண்டியிட வைத்து, குதிகாலுக்கு மேலே கெண்டைக்காலை நோக்கி ஏறும் தசைநாரை இரண்டு விரல்களுக்கு இடையில் பிடித்து மெல்ல நகர்த்திப் பார்த்தார். அது பருத்து, அங்கங்கே முடிச்சு விழுந்தது போல இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சின்ன வயதில் அப்பாவுக்குக் கால் பிடித்துவிடும்போது இதே முடிச்சுகள் என் கையில் தட்டுப்பட்டிருக்கின்றன. அழுத்தினால் அவருக்கு வலிக்காது. மலை ஏறி இறங்குகிற கால் அப்படித்தான் இருக்கும் என்பார் அப்பாயி. அது தசைநாரில் போய்ப் படிந்த கொழுப்பு. கருவிழியைச் சுற்றி இளவயதிலேயே வெளிறிய வளையம் தெரிவதும், இமைகளில் மஞ்சள் திட்டுகள் வருவதும் இதே பரம்பரைக் கொலஸ்ட்ரோல் நோயின் அடையாளங்களாக இருக்கலாம் என்று அந்த வைத்தியர் சொன்னார். இவை எதுவும் இல்லாமலும் நோய் இருக்கலாம்.

குடும்பவழியாக வரும் உயர் கொலஸ்ட்ரோல் இது. உலகத்தில் ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவருக்கு இருக்கிறது என்கிறார்கள். உடம்பில் உள்ள கொலஸ்ட்ரோலில் பெரும்பகுதி சாப்பாட்டுத் தட்டில் இருந்து வருவதில்லை, உடம்பே தயாரித்துக்கொள்கிறது. அதில் முக்கிய பங்கு ஈரலுக்கு. இரத்தத்தில் சுற்றும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுத்துக் குறைப்பதும் பெரும்பாலும் ஈரல்தான். அப்படிப் பிடிப்பதற்கென்றே அதன் உயிரணுக்களின் மேல் வாங்கிகள் இருக்கின்றன. இந்த நோயில் பெரும்பாலும் அந்த வாங்கிகளை உண்டாக்கும் மரபணுவில்தான் பழுது. பறித்த கொழுந்தை நிறுத்துச் சேர்க்கும் கொழுந்து மடுவத்தை நினைத்துப் பாருங்கள். பறித்த கொழுந்து வழக்கம்போல வந்து இறங்குகிறது, தொழிற்சாலைக்கு ஏற்றிப்போகும் லொறிகளில் பாதி வரவில்லை. மடுவம் நிரம்பத்தானே செய்யும்? பிறந்த நாளில் இருந்தே இது நடப்பதால், முப்பது வயதிலேயே இருதயத்துக்குப் போகும் குழாய்கள் அடைக்கத் தொடங்கிவிடலாம். சிகிச்சை இல்லாவிட்டால் இந்த நோய் உள்ள ஆண்களில் சுமார் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் மாரடைப்போ வேறு இருதய நோயோ வந்துவிடுகிறது. மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு அமெரிக்கர்கள், குழந்தைப் பருவத்திலேயே இதனால் இருதயம் கெட்ட பிள்ளைகளைப் பார்த்து ஆராயத் தொடங்கி, வாங்கிகளின் கதையைக் கண்டுபிடித்தார்கள். 1985இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒல்லியான இளைஞர்கள் எல்லோருக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தைரொயிட் மந்தமாக இருந்தாலும் எல்டிஎல் ஏறும். அதனால்தான் தம்பிக்கும் முதலில் தைரொயிட் பரிசோதனை செய்தார்கள். சிறுநீரில் புரதம் போகும் சிறுநீரக நோயிலும் ஏறும். ஜிம்முக்குப் போகிற பையன்கள் போட்டுக்கொள்ளும் ஸ்டீரொயிட் ஊசியும் அப்படியே. உணவுக்கும் பங்கு உண்டு. காலையில் தேங்காய்ப் பூ பிசைந்த ரொட்டி, பகலுக்குத் தேங்காய்ப்பால் கறி, பின்னேரம் பேக்கரி ரோல்ஸ், இடையிடையே பால்மாத் தேநீர் என்று நாள் முழுவதும் நிறைகொழுப்பு உள்ளே போய்க்கொண்டே இருந்தால், எடை கூடாதவருக்கும் எல்டிஎல் கூடும். வெளியே மெலிந்து தெரிந்தாலும் வயிற்றுக்குள் ஈரலைச் சுற்றிக் கொழுப்பு சேரும் உடல்வாகு நம் தெற்காசியர்களுக்கு அதிகம். ஆனால் அதில் பெரும்பாலும் ட்ரைகிளிசரைட் ஏறி எச்டிஎல் இறங்கும். எல்டிஎல் மட்டும் தனித்து 190ஐத் தாண்டி நின்றால் பரம்பரையைப் பற்றி விசாரித்தே ஆக வேண்டும்.

முட்டையை நிறுத்தியதால் தம்பியின் எல்டிஎல் பெரிதாக இறங்கவில்லை. உணவை மாற்றினால் இந்த நோய் உள்ளவர்களுக்கு ஓரளவுதான் இறங்கும், மாத்திரை கட்டாயம் வேண்டும். ஸ்டேட்டின் என்ற இந்த மருந்து வகைக்கு வழி திறந்தவர் அகிரா எண்டோ என்ற ஜப்பானியர். ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சோதித்து, கடைசியில் கியோட்டோவின் தானியக் கடை ஒன்றின் அரிசியில் பூத்த பூஞ்சணத்தில் முதல் ஸ்டேட்டினைக் கண்டெடுத்தார். எத்தனை உயிர்களைக் காப்பாற்றிய மனிதர்! தம்பி இப்போது தினமும் இரவு அட்டோர்வஸ்டாட்டின் போடுகிறான். கிளினிக்கில் இலவசமாகவே தருகிறார்கள். எல்டிஎல் 131க்கு இறங்கியிருக்கிறது. இன்னும் இறங்க வேண்டும் என்று இரண்டாவதாக ஒரு மாத்திரையும் சேர்த்திருக்கிறார்கள். "இந்த வயதில் மாத்திரை தொடங்கினால் நிறுத்தவே முடியாதாமே" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஆமாம், நிறுத்தக்கூடாது. அப்பாவுக்கு அது கிடைத்திருந்தால் அக்காவின் கல்யாணத்தைப் பார்த்திருப்பார்.

பெற்றவர் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கு வரவில்லை. அக்காவுக்கு வந்திருக்கிறது. அவருடைய மகளுக்கு ஏழு வயது, அவளுக்கும் இரத்தம் எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு எட்டு, பத்து வயதில் இருந்தே மருந்து கொடுக்கலாம் என்று வைத்தியர் தைரியம் சொன்னார். இன்னொரு பிள்ளைக்குத் திட்டமிடும்போது, மாத்திரையைத் தொடரலாமா என்று கேட்க அக்கா முன்கூட்டியே கிளினிக்கில் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மாமன் மகளைக் கட்டுவதும் அத்தை மகனைக் கட்டுவதும் சாதாரணம். இரண்டு பக்கமும் இந்தப் பழுது இருந்தால் பிள்ளைக்கு இரட்டையாக வந்துவிடலாம். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எல்டிஎல் 400, 500 என்று போகும், பள்ளிக்கூட வயதிலேயே இருதயம் பாதிக்கப்படும். ஆகவே தம்பிக்குச் சம்பந்தம் பேசுமுன் இரண்டு பேரின் அறிக்கையும் மேசைக்கு வர வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அப்பாவின் சித்தப்பா குடும்பம், தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பல் ஏறி, நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் போய்க் குடியேறியது. தொலைபேசியில் பேசியபோது, அங்கே ஒரு சித்தப்பா 41 வயதிலும் அவருடைய மகன் 38 வயதிலும் மாரடைப்பில் போன செய்தி கிடைத்தது. இரண்டு பேரும் ஒல்லி. தம்பியின் அறிக்கையையும் அவனுடைய குதிகால் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அந்தச் சித்தப்பாவின் பேரன் ஒருவன், 22 வயது, கோயம்புத்தூரில் படிக்கிறான், பரிசோதித்துப் பார்த்தான். எல்டிஎல் 226. சிகிச்சை தொடங்கிவிட்டான். மஸ்கெலியாவில் இருக்கும் பெரியப்பாவின் பிள்ளைகள் மூவரும் இன்னும் இரத்தம் கொடுக்கவில்லை. "எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லையே, நன்றாகத்தானே இருக்கிறோம்" என்கிறார்கள். மூத்த அண்ணனுக்கு 43 வயது. வரும் சனிக்கிழமை நேரிலேயே போகிறேன்.