நட்சத்திரக் குறிக்கு ஒரு ராத்திரி

கடை, பில், உதவி என்று எங்கள் தளத்தின் சப்டொமைன்கள் (டொமைன் என்ற முக்கிய முகவரிக்கு முன்னால் ஒரு பெயரும் புள்ளியும் சேர்ந்த கிளை முகவரிகள்) பெருகிப் பதினொன்று ஆகிவிட்டன. இது உண்மையான தளம்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வாங்குவது பெரும்பாடு. சான்றிதழ் வழங்கும் அமைப்பான லெட்ஸ் என்கிரிப்ட், பல சப்டொமைன்களுக்குப் பொதுவான வைல்ட்கார்டு சான்றிதழையும் 2018 மார்ச்சிலிருந்து இலவசமாகத் தருகிறது. டொமைனுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. அந்த இடத்தில் எந்தப் பெயர் வந்தாலும் செல்லும். சரி, அரை மணி நேர வேலை என்று உட்கார்ந்தேன்.

சாதாரணச் சான்றிதழுக்கு சர்வரில் ஒரு ஃபைலை வைத்துக் காட்டினால் போதும். வைல்ட்கார்டுக்கு அது எடுபடாது. டொமைனே நம் கையில் இருக்கிறது என்று காட்ட டொமைனின் விவரப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் டிஎக்ஸ்டி ரெகார்டு என்ற எழுத்துக் குறிப்பைப் போட வேண்டும். சான்றிதழ் வாங்கித் தரும் மென்பொருளான செர்ட்பாட் கொடுத்ததை அப்படியே ஒட்டினேன். ஃபெயில். பெயர்க் கட்டத்தில் முழுப் பெயரையும் போட்டிருந்தேன். டிஎன்எஸ்ஸை மாற்றும் பேனல் தன் பங்குக்கு டொமைனை இன்னொரு முறை பின்னால் ஒட்டியிருந்தது. டிஎன்எஸ் பதிவைக் காட்டும் டிக் கமாண்டில் பார்த்தபோதுதான் பிடிபட்டது.

திருத்தினேன். மறுபடியும் ஃபெயில். மணி பன்னிரண்டு. நட்சத்திரம், முன்னால் எதுவும் இல்லாத வெறும் டொமைனுக்குப் பொருந்தாது என்பதால் இரண்டையும் சேர்த்துக் கேட்டிருந்தேன். இரண்டுக்கும் ரெகார்டின் பெயர் ஒன்றுதான், மதிப்புதான் வேறு. நான் புத்திசாலித்தனமாக முதலாவதை அழித்துவிட்டு இரண்டாவதைப் போட்டிருந்தேன்! இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். இருக்கவைத்து, டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் எல்லா நேம்சர்வருக்கும் போய்ச் சேரும்வரை என்டர் தட்டாமல் ஒரு டீ குடித்தேன். கிடைத்தது.

காலையில் டெஸ்டிங் பையன் கூப்பிட்டான்: "அண்ணா, டெஸ்ட் புள்ளி கடைன்னு ஆரம்பிக்கிற அட்ரஸ்ல வார்னிங் வருது." நட்சத்திரம் ஒரு படிக்குத்தான் செல்லும், ஒரு புள்ளி கூடினால் செல்லாது. அதற்குத் தனியாக வாங்கினேன்.

அப்புறம் புதுப்பித்தல். 90 நாள்தான் ஆயுள்; கையால் ரெகார்டு போட்டால் செர்ட்பாட் தானாகப் புதுப்பிக்காது. மென்பொருளே டிஎன்எஸ்ஸை மாற்ற வழிவிடும் ரகசியக் குறியீடான ஏபிஐ டோக்கனைக் கொடுத்துத் தானியங்கி ஆக்கினேன். அந்த டோக்கன் கசிந்தால் டொமைனே போய்விடும் என்பதால், அந்த ஒரு ரெகார்டை மட்டும் வேறொரு சிறிய டிஎன்எஸ் ஸோனுக்கு, அதாவது தனிப் பதிவுப் பகுதிக்குத் திருப்பி, டோக்கனின் அதிகாரத்தை அதற்குள் அடைத்தேன். பில் சர்வருக்கு மட்டும் பழைய தனிச் சான்றிதழே. பதினோரு இடத்திலும் சான்றிதழுக்கான ரகசியச் சாவி ஒன்றே என்றால் எனக்குத் தூக்கம் வராது.